கேட்பதும் அறிவதும்: மனநிலைப் பரிசோதனையின் வரலாறும் தீர்த்தமலை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரது தோற்றம், பேச்சு, உணர்ச்சி, எண்ணம், புலனுணர்வு, அறிதிறன், நோய் பற்றிய தன்னுணர்வு ஆகியவற்றை மருத்துவர் நேரில் கண்டும் கேட்டும் மதிப்பிடும் முறையே மனநிலைப் பரிசோதனை. குருதிச் சோதனையோ ஊடுகதிர்ப் படமோ காட்டித் தராதவற்றை உரையாடலால் அறிய முற்படும் இம்முறை, தமிழ்நாட்டில் எவ்வாறு வேரூன்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு, குடியேற்றக்காலச் சட்டச் சான்றிதழ், 20ஆம் நூற்றாண்டின் மருத்துவமனை நடைமுறை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆகிய நான்கு கட்டங்கள் வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தருமபுரி மாவட்டத்தின் தீர்த்தமலை வட்டாரம், இப்பரிசோதனையின் கேள்விகள் எத்தகைய மக்களிடம் எவ்வாறு பொருள்படும் என்பதை உரைத்துப் பார்க்கும் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனநிலைப் பரிசோதனை, எண்வகைத் தேர்வு, தீர்த்தமலை, மனநலச் சட்டம், நோயறி உணர்வு, ஏர்வாடி

1. முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் அமைந்தது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் உள்ளது. இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என ஐந்து தீர்த்தங்கள் இங்குச் சுட்டப்படுகின்றன. அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம் இது. சைவ எல்லப்ப நாவலர் இத்தலத்திற்குத் தீர்த்தகிரிப் புராணம் பாடியுள்ளார். ஆடிப் பெருக்கு நாளில் சுற்றுவட்டார மக்கள் திரளாக வந்து நீராடுவர். நீர் பிணி தீர்க்கும் என்ற நம்பிக்கை ஊரின் பெயரிலேயே தங்கியிருக்கிறது.

பிணி தீர வருவோருள் உடல்நோயாளிகள் மட்டும் இருப்பதில்லை. உறக்கமின்றித் தனக்குள் பேசுவோர், காரணமின்றி அஞ்சுவோர், உண்ண மறுத்து ஒடுங்கிக் கிடப்போர் ஆகியோரையும் குடும்பத்தார் இத்தகைய தலங்களுக்கு அழைத்து வருவது தமிழகம் எங்கும் காணப்படும் வழக்கம். அவ்வாறு வருபவருக்கு நேர்ந்திருப்பது அருளா, துயரா, நோயா, அல்லது மூளையைத் தாக்கிய காய்ச்சலா? இவ்வினாவிற்கு விடை காணும் கருவியே மனநிலைப் பரிசோதனை.

இக்கருவி ஒரே நாளில் உருவானதன்று. ஓரிடத்தில் உருவானதும் அன்று. அதன் வரலாற்றைத் தொடர்ந்து செல்லும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தெளிவாகிறது. நோயாளியிடம் கேளாமலே அவர்மேல் முத்திரை குத்தப்பட்ட காலங்களில் உயிர்களும் உரிமைகளும் பறிபோயின. கேட்டாலும் அவருக்கு விளங்காத மொழியிலும் அவருக்கு அயலான உலகிலிருந்தும் கேட்ட இடங்களில் பிழையான முடிவுகள் பிறந்தன. இவ்வுண்மையை வரலாற்றுச் சான்றுகளால் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எண்வகைத் தேர்வும் மெய்ப்பாடும்

நோயாளியை நேரில் கண்டு உள்ளத்தை உணரும் முயற்சி தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் விதத்தை அது பேசுகிறது. அது இலக்கணமே ஒழிய மருத்துவம் அன்று. எனினும் அகத்தில் உள்ளது புறத்தில் தெரியும், அதைப் பயின்ற கண் காணும் என்னும் கொள்கை அதில் அடிப்படையாக உள்ளது. திருக்குறள் குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரு அதிகாரங்களை அமைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மருத்துவத் துறையில் இக்கொள்கை எண்வகைத் தேர்வாக வடிவம் பெற்றது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டும் சித்த மருத்துவர் சோதிக்க வேண்டியவை. இவற்றுள் மொழியும் விழியும் தனித்த கவனத்திற்குரியன. குரலின் உயர்வு தாழ்வு, பேச்சின் தெளிவு, பார்வையின் நிலை ஆகியவற்றை நோய்க்குறியாகக் கொள்ளும் வழக்கம், இன்றைய மனநிலைப் பரிசோதனையின் முதல் இரு கூறுகளான தோற்றத்திற்கும் பேச்சிற்கும் அருகில் நிற்கிறது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைக் கிறுக்கு என்னும் பெயரால் 18 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நடத்தைக் குறிகளைத் தொகுத்துரைக்கிறது. அகத்தியர் பெயரால் ஒரு தீர்த்தம் வழங்கும் மலையைப் பற்றிப் பேசும்போது இச்செய்தியும் உடன் வைத்து எண்ணத்தக்கது.

இரு மரபுகளையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. சித்த மருத்துவத்தில் மொழியும் விழியும் வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்களின் நிலையைக் காட்டும் வாயில்கள். நோயாளி என்ன எண்ணுகிறார், அவர் காதில் என்ன கேட்கிறது, தம் நிலையை அவர் எவ்வாறு விளக்குகிறார் என்று அவரது அகவுலகை அவர் வாயாலேயே வெளிக்கொணரும் வினாமுறை அங்கு மையமாக இல்லை. அம்மையம் பிற்காலத்தில் வேறொரு வழியாக வந்தது. அவ்வழி மருத்துவத்தினும் முன்பாகச் சட்டத்தின் வாயிலாகத் திறந்தது.

3. சான்றிதழாகத் தொடங்கிய பரிசோதனை

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி 1794ஆம் ஆண்டில் சென்னையில் மனநோயாளர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் இப்பணி கீழ்ப்பாக்கத்தில் லொகாக் தோட்டம் எனப்பட்ட இடத்திற்கு மாறியது. 1922இல் அது அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இன்று மனநலக் காப்பகம் என மக்கள் அறியும் நிறுவனம் இதுவே.

இந்நிறுவனத்திற்குள் ஒருவர் நுழைய வேண்டுமாயின் அவர் மனநோயாளர் என யாரேனும் தீர்மானிக்க வேண்டும். 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம் அவ்வதிகாரத்தைக் காவல்துறைக்கும் நீதிபதிக்கும் மருத்துவ அலுவலருக்கும் பகிர்ந்தளித்தது. தெருவில் அலைந்து திரிபவரைக் காவலர் பிடித்து நீதிபதி முன் நிறுத்துவார். நீதிபதி மருத்துவரின் துணையோடு அவரை ஆராய்ந்து ஆணை பிறப்பிப்பார். அக்காலத்தில் தீர்த்தமலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாளில்தான். மலையடிவாரச் சிற்றூர் ஒருவரைப் பொறுத்தவரை, சட்டம் கூறிய இவ்வழி நெடுந்தொலைவில் இருந்த அலுவலர்களிடம் சென்று முடிந்தது. மருத்துவரின் கண்ணில் படுமுன்பே காவலரின் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் அமைப்பு.

1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டம் மருத்துவச் சான்றிதழின் படிவத்தை வரையறுத்தது. மருத்துவர் தாமே நேரில் கண்ட மனநோய் அறிகுறிகளை ஓரிடத்திலும், பிறர் கூறக் கேட்டவற்றை வேறோரிடத்திலும் எழுத வேண்டும். எளிய படிவமாகத் தோன்றும் இப்பிரிவினை, மனநிலைப் பரிசோதனையின் உயிர்நிலையான வேறுபாடு ஒன்றைச் சட்டத்தில் பதித்தது. உறவினர் சொன்னது வரலாறு. மருத்துவர் கண்டது பரிசோதனை. ஒன்றை மற்றொன்றாக எழுதுதல் கூடாது. இன்றும் மருத்துவ மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம் இதுவே.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு சான்று கிடைக்கிறது. கஞ்சாவின் விளைவுகளை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் 1894இல் தன் அறிக்கையை அளித்தது. மனநோய் இல்லங்களின் பதிவேடுகளில் ஏராளமானோரின் நோய்க்குக் கஞ்சாவே காரணம் என எழுதப்பட்டிருந்தது. ஆணையம் 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக மீளாய்வு செய்தது. காவல்துறை அனுப்பிய விவரத்தாளில் காரணம் என்னும் கட்டத்தை நிரப்பியாக வேண்டியிருந்ததால் கஞ்சா என எழுதப்பட்டதும், அதையே இல்லத்தின் பதிவேடு படியெடுத்ததும், அப்பதிவேடே பின்னர்ப் புள்ளிவிவரமாகியதும் வெளிப்பட்டன. இல்லங்களின் இப்புள்ளிவிவரம் நம்பத்தக்கதன்று என்னும் முடிவிற்கு ஆணையம் வந்தது. ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், நோயாளியிடம் எவரும் கேளாமலே, மருத்துவ உண்மையாக வளர்ந்த வரலாறு இது.

4. கேள்விகள் வடிவம் பெற்ற காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநிலைப் பரிசோதனை ஒழுங்குபட்ட வடிவம் பெற்றது. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அடால்ஃப் மேயர், உடற்பரிசோதனைக்கு இணையாக மனத்தையும் வரிசை முறையில் ஆராய்ந்து எழுதும் நடைமுறையை நிலைநாட்டினார். ஜெர்மனியின் கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட பொது உளநோயியல் என்னும் நூல், நோயாளியின் அனுபவத்தை அவர் உணர்ந்தவாறே விவரிக்கும் நெறியை வகுத்தது. ஒரு நம்பிக்கையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும், அது எவ்வாறு தோன்றியது, எவ்வளவு உறுதியாகப் பற்றப்பட்டுள்ளது, எதிர்ச்சான்றால் அசைகிறதா என்பனவற்றை ஆராய வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

இன்று வழக்கிலுள்ள பரிசோதனையின் கூறுகள் பின்வருமாறு அமைகின்றன. முதலாவது தோற்றமும் நடத்தையும். உடை, தூய்மை, கண்ணோட்டம், அமைதியின்மை ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது பேச்சின் வேகம், அளவு, தொடர்ச்சி. மூன்றாவது உணர்ச்சி, நோயாளி தாம் உணர்வதாகக் கூறுவதும், மருத்துவர் அவர் முகத்தில் காண்பதும் தனித்தனியே எழுதப்படும். நான்காவது எண்ணத்தின் ஓட்டமும் உள்ளடக்கமும். பிறழ்நம்பிக்கை, தற்கொலை எண்ணம் ஆகியவை இங்கு வினவப்படும். ஐந்தாவது புலனுணர்வு, இல்லாத குரல் கேட்டல், இல்லாத உருக் காணல். ஆறாவது அறிதிறன், விழிப்பு, இடம் காலம் ஆள் பற்றிய அறிவு, கவனம், நினைவு, அருவச் சிந்தனை ஆகியன இதன் உட்பிரிவுகள். இறுதியாகத் தீர்மானிக்கும் திறனும் நோயறி உணர்வும் ஆராயப்படும்.

இவ்வரிசைக்கு ஒரு தருக்கம் உண்டு. விழிப்பும் கவனமும் குலைந்திருந்தால் பிற கூறுகளின் முடிவுகளுக்குப் பொருள் இல்லை. திடீரெனத் தோன்றி, பகலில் தணிந்து இரவில் மிகும் மனக்குழப்பமும், இல்லாத உருவங்களைக் காணுதலும் பெரும்பாலும் உடல்நோயின் அறிகுறிகள். காய்ச்சல், குருதிச் சர்க்கரைக் குறைவு, மதுவைத் திடீரென நிறுத்துதல், நஞ்சு ஆகியவை இந்நிலையை உண்டாக்கும். மருத்துவ நூல்கள் டெலிரியம் என்னும் இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. உரிய நேரத்தில் அறிந்தால் பெரிதும் மீட்கத்தக்கது. எளிய சில வினாக்களால் இதனை ஐயுற முடியும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள், உடன் வந்தவர் யார், வாரத்தின் நாள்களைப் பின்னிருந்து சொல்லுங்கள் என்பன அவற்றுட் சில. நேற்றுவரை வயலில் வேலை செய்தவர் இன்று இவற்றுக்கு விடை சொல்ல இயலாமல் தடுமாறினால், அவரைக் கொண்டு செல்ல வேண்டிய முதல் இடம் மருத்துவமனையே. கோயிலுக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு நாழிகையும் இங்கு விலையுடையது.

5. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில்

சென்னை மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961இல் பொறுப்பேற்ற மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படுபவர். 1978இல் ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பில் இருந்த அவர், பூட்டிய அறையை மையமாகக் கொண்ட நிறுவனத்தை வெளிநோயாளர் சிகிச்சையின் பக்கம் திருப்பினார். 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தோற்றுவித்தார். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டபோது, நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. குடும்பம் உடனிருக்கையில் பரிசோதனையின் தன்மையும் மாறுகிறது. உறவினர் கூறும் வரலாறும் நோயாளி தரும் விடையும் ஒரே நாளில் ஒப்பிடத்தக்கனவாகின்றன.

மனநலத்தை மாவட்டத்திற்குக் கொண்டு செல்லும் முயற்சி இதனைத் தொடர்ந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் உருவானது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் 1997இல் அதன்கீழ் வந்தது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் நிறுவப்பட்டது. கேள்வி கேட்கும் மருத்துவர் ஊருக்கு அருகில் வந்தார். இனி எஞ்சி நின்றது கேள்வியின் பொருத்தம்.

6. யாருடைய கேள்விகள்?

அறிதிறனை அளக்க உலகெங்கும் பயன்படும் சுருக்க மனநிலைத் தேர்வை மார்ஷல் ஃபோல்ஸ்டைனும் உடன் ஆய்வாளரும் 1975இல் வெளியிட்டனர். மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், எழுதியிருப்பதைப் படித்து அவ்வாறே செய்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் ஆகியவை அதில் உண்டு. பள்ளி செல்லாதவர் நோயின்றியே இவற்றில் மதிப்பெண் இழப்பார். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்தில் மிகக் குறைந்த அளவு அதுவே. முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், இவ்வளவு மேலும் குறைவாகவே இருக்கும் என்பது வெளிப்படை. அத்தகைய ஒருவரிடம் இத்தேர்வை அப்படியே நடத்தினால் அளக்கப்படுவது மறதிநோய் அன்று. கிடைக்காமற் போன கல்வியே அளக்கப்படுகிறது.

இக்குறையை முறையாக எதிர்கொண்ட முயற்சி ஹரியாணாவின் பல்லப்கரில் நடந்தது. மேரி கங்குலியும் உடன் ஆய்வாளரும் 1995இல் வெளியிட்ட இந்தி வடிவம், எழுத்தறியாத கிராமத்து முதியோருக்காக அமைக்கப்பட்டது. படித்துச் செய்ய வேண்டிய கட்டளைக்கு மாற்றாக, மருத்துவர் தம் கண்களை மூடிக் காட்ட, நோயாளி அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். வாக்கியம் எழுதுவதற்கு மாற்றாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் திருப்போரூரில் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா உள்ளிட்டோர் ஊரக முதியோரிடையே மறதிநோயை ஆராய்ந்தனர். 1990களில் நிகழ்ந்த இவ்வாய்வுகள், வினாவை மாற்றுவது தரத்தைத் தாழ்த்துவதாகாது, வினா எதை அளக்க வந்ததோ அதை அளக்கச் செய்வதே ஆகும் என்பதை உணர்த்தின.

தீர்த்தமலை வட்டாரத்தில் இச்சிக்கல் எவ்வாறு தோன்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் எண்ணிப் பார்க்கலாம். அறுபத்தைந்து வயதுடைய பெண் ஒருவரிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால் அவர் விழிக்கக் கூடும். ஆனால் ஆடி பிறந்து எத்தனை நாளாயிற்று, அமாவாசை எப்போது, சந்தை கூடும் நாள் எது என்று கேட்டால் பிழையின்றிச் சொல்வார். காலத்தை அவர் அறியாதவர் அல்லர். ஆங்கில நாள்காட்டி அவரது காலம் அன்று என்பதே உண்மை. நூறில் ஏழைக் கழிக்கத் தடுமாறுபவர், நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டால் உடனே விடை தருவார். இம்மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்டோரும் வாழ்கின்றனர். ஆதலால் எம்மொழியில் கேட்பது என்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியாகிறது.

அருவச் சிந்தனையை அளக்கப் பழமொழியின் பொருள் கேட்பது வழக்கம். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்குப் பொருள் கேட்டால், எப்பேர்ப்பட்டவரும் தவறுவர் என்னும் விடையைத் தமிழர் பலர் சிறுவயதிலிருந்தே அறிவர். அவ்விடை சிந்தனையால் வருவதன்று, நினைவிலிருந்து வருவது. மாறாக, பழமொழி பயிலாத சூழலில் வளர்ந்தவர் யானை வழுக்கி விழும் எனச் சொன்னால், அது நோயின் அறிகுறியும் ஆகிவிடாது. எனவே மாம்பழத்திற்கும் வாழைப்பழத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது என்பது போன்ற வினாக்களையும் சேர்த்தே மருத்துவர் முடிவு காண வேண்டியுள்ளது.

கேட்கும் முறையும் விடையை மாற்றும். நீங்கள் என்று விளித்து, பெரியவரே அல்லது அம்மா என அழைத்துத் தொடங்கும் உரையாடலில் கிடைக்கும் விடை, ஒருமையில் அதட்டிக் கேட்கும்போது கிடைப்பதில்லை. உடன் வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு விடை சொல்வதும் நம் வழக்கம். அவர்கள் சொல்வதைத் தனியே கேட்டெழுதி, நோயாளியோடு சிறிது நேரமாவது தனித்துப் பேசுவது இன்றியமையாதது. தற்கொலை எண்ணம் பற்றிய வினாவிற்கு வீட்டார் முன்னிலையில் உண்மை விடை வருவது அரிது. அவ்வினாவைக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைக்கும் என்னும் அச்சம் பொதுமக்களிடம் உள்ளது, அது ஆதாரமற்றது.

7. அருளும் நோயும்

மனநிலைப் பரிசோதனையின் மிகக் கடினமான பகுதி நம்பிக்கையையும் பிறழ்நம்பிக்கையையும் பிரித்தறிவது. ஒருவர் சார்ந்த சமூகம் பொதுவாக ஏற்கும் நம்பிக்கை பிறழ்நம்பிக்கையாகக் கொள்ளப்படாது என்பது இன்று ஏற்கப்பட்ட வரையறை. திருவிழாவில் அருள் வந்து ஆடி, சடங்கு முடிந்ததும் இயல்பு நிலைக்குத் திரும்பி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குச் செல்பவர் நோயாளர் அல்லர். சடங்கிற்கு வெளியே, சமூகம் ஏற்காத வகையில், நாள்கணக்கில் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் உழைப்பையும் குலைக்கும் குரல்கள் வேறு. இவ்வேறுபாட்டை ஊர்மக்களே பெரும்பாலும் உணர்ந்திருப்பர். இது சாமி வந்த ஆட்டம் போல் இல்லையே என்னும் உறவினரின் சொல், மருத்துவருக்கு மதிப்புமிக்க சான்று.

நோயறி உணர்வைப் பற்றிய வினாவும் இங்கு மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது. உமக்கு வந்திருப்பது மனநோய் என ஏற்கிறீரா என்ற வினாவிற்கு, செய்வினை அல்லது தெய்வக் குற்றம் என விடை சொல்பவர் நோயறி உணர்வு அற்றவர் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. வேலூரில் பி. சரவணன், கே. எஸ். ஜேக்கப் முதலியோர், இலண்டனின் அந்தோணி டேவிட்டோடு இணைந்து 2004க்கும் 2007க்கும் இடையே வெளியிட்ட ஆய்வுகள் இம்முடிவை வினாவிற்குள்ளாக்கின. மனச்சிதைவு முதன்முறையாகத் தோன்றிய நோயாளர் பெரும்பான்மையோர் தெய்விக, மாய காரணங்களைக் கூறினர். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை ஒரே நேரத்தில் கொண்டிருந்தனர். தமக்கு ஏதோ மாற்றம் நேர்ந்திருக்கிறது, அதற்கு உதவி வேண்டும் என உணர்பவர், மருத்துவரின் பெயரால் அதனை அழைக்காவிடினும், நோயறி உணர்வு உடையவரே என்னும் கருத்திற்கு இவ்வாய்வுகள் வலுச் சேர்த்தன.

கோயிலில் தங்குவோரை மருத்துவ முறையில் ஆராய்ந்த ஆய்வும் தமிழ்நாட்டில் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஆர். ரகுராம் முதலியோர், திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை, வரும்போதும் செல்லும்போதும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அறிகுறி மதிப்பெண்கள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சமற்ற, பரிவுமிக்க சூழலுக்கு நலந்தரும் ஆற்றல் உண்டு என ஆய்வாளர் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு இது; மருந்து வேண்டாம் என்னும் வாதத்திற்கு இது சான்றாகாது. ஆயினும் கோயிலுக்குள்ளும் பரிசோதனை செல்ல முடியும், இரண்டும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதை இது காட்டியது.

பரிசோதனை செல்லாத இடத்தின் கதை ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் இல்லம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. சங்கிலியின் தொடக்கம் தீக்கு முந்தியது. இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று எவரும் அமர்ந்து கேளாத நாளில் அது பூட்டப்பட்டது.

8. உரிமையாக மாறிய பரிசோதனை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலை 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஒருவரது அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ பண்பாட்டு, சமயக் குழுவையோ அடிப்படையாகக் கொண்டு மனநோயைத் தீர்மானித்தல் கூடாது என்றும், சமூகத்தில் நிலவும் ஒழுக்க, சமய மதிப்புகளோடு ஒத்துப்போகாமையைக் காரணமாகக் கொள்ளுதல் கூடாது என்றும் 3ஆம் பிரிவு விதிக்கிறது. 4ஆம் பிரிவு சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனைப் பேசுகிறது. தகவலைப் புரிந்துகொள்ளுதல், முடிவின் விளைவை உணர்தல், பேச்சாலோ சைகையாலோ முடிவைத் தெரிவித்தல் ஆகியன அங்கு அளவுகோல்கள். தகவல் நோயாளிக்கு விளங்கும் எளிய மொழியில் தரப்பட வேண்டும். அவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவர் திறனற்றவர் ஆகிவிடமாட்டார்.

1912ஆம் ஆண்டின் படிவத்தோடு இதனை ஒப்பிட்டால் திசைமாற்றம் புலப்படும். அன்று பரிசோதனை ஒருவரை உள்ளே அடைப்பதற்கான காரணத்தைத் தேடியது. இன்று அது அவர் தாமே முடிவெடுக்கும் ஆற்றலைத் தேட வேண்டியுள்ளது. வினாக்கள் பெரும்பாலும் முன்னவையே. யாருக்காகக் கேட்கப்படுகின்றன என்பது மாறியிருக்கிறது. நோயாளிக்கு விளங்கும் மொழி என்பது மருத்துவரின் நற்பண்பாக மட்டும் இருந்த நிலை மாறி, இன்று சட்டக் கடமையாகியுள்ளது. எனவே தேதிக்கு மாற்றாக ஆடி மாதத்தைக் கேட்பதும், கழித்தலுக்கு மாற்றாகச் சில்லறையைக் கேட்பதும் சலுகைகள் அல்ல. சட்டம் எதிர்பார்க்கும் நடைமுறையின் கூறுகள்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்தெழுதும் ஒழுங்கே மனநிலைப் பரிசோதனையின் அடித்தளம். கஞ்சா ஆணையம் கண்ட பிழை அவ்வொழுங்கு தவறியதன் விளைவு. இரண்டாவது, வினாவின் வடிவம் நோயாளியின் கல்வி, மொழி, காலக்கணக்கு ஆகியவற்றோடு பொருந்தாவிடில் நலமுடையோர் நோயாளராகவும் நோயாளர் நலமுடையோராகவும் எண்ணப்படுவர். மூன்றாவது, நம்பிக்கையை நோயென்று கருதுவதும் நோயை நம்பிக்கையென்று விடுவதும் ஒரே குறையின் இரு முகங்கள், அக்குறை கேளாமை.

தீர்த்தமலையில் ஆடிப் பெருக்கன்று நீராடும் கூட்டத்தில், தளர்ந்து அமர்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பயின்ற ஒரு செவிலியரோ மருத்துவரோ அவர் அருகில் அமர்ந்து, அவர் பேசும் மொழியில், மரியாதையாய், பத்து மணித்துளி கேட்டால் போதும். அவர் இல்லம் திரும்ப வேண்டியவரா, மருத்துவமனைக்கு விரைய வேண்டியவரா என்பது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அதற்குரிய வினாக்களை வட்டாரத் தமிழிலும் பிற வீட்டுமொழிகளிலும் உருவாக்கி, எழுத்தறியாத முதியோரிடம் முறையாகச் சரிபார்த்து, ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்க்குப் பயிற்றுவிப்பது மருத்துவத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து செய்ய வேண்டிய பணி. எண்வகைத் தேர்வில் மொழியையும் விழியையும் நோயறியும் வாயில்களாக வைத்த மரபுக்கு இப்பணி அயலானதன்று.